காரில் நாயைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாயைக் காரில் கட்டி வைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஓட்டுபவரின் கவனம் சிதறக் கூடாது. கதவைத் திறந்ததும் நாய் சாலையில் பாயக் கூடாது. வண்டி எதிலாவது மோதினால் நாயும் உள்ளே இருப்பவர்களும் பிழைக்க வேண்டும். ‘நாய் சீட் பெல்ட்’ என்று கடைகளில் தொங்கும் பொருள்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வேலைகளுக்குத்தான் ஆகும். மூன்றாவது வேலை அட்டையில் அச்சடிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கீழே வரும் பதில்களில் எந்தப் பொருள் எந்த வேலைக்கு உதவும் என்பதைப் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நாய் பின் இருக்கையில் சாதுவாகப் படுத்துக்கொள்ளும். அதைக் கட்டத்தான் வேண்டுமா?

வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி நின்றால், கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. 20 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயை அந்த வேகத்தில் அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்துவதற்குச் சுமார் 400 கிலோ எடைக்கு நிகரான விசை தேவைப்படும். வேகம் 80 என்றால் இது ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். முன் இருக்கையின் முதுகோ, அதில் உட்கார்ந்திருப்பவரின் பின்தலையோ அதைத் தாங்கியாக வேண்டும்.

மனிதர்கள் விஷயத்திலேயே நமக்கு இது மெதுவாகத்தான் உறைத்தது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் சென்று விபத்தில் இறந்த பிறகுதான், பின் இருக்கைக்கும் பெல்ட் உண்டு என்பதே பலருக்கு நினைவுக்கு வந்தது.

மோதல் வரை போக வேண்டியதும் இல்லை. குறுக்கே ஒரு மாடு வந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால், தூங்கிக்கொண்டிருக்கும் நாய், பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழும். கால் எலும்பு முறிய அது போதும்.

இதற்குச் சட்டம் ஏதும் இருக்கிறதா?

நாய்க்கு சீட் பெல்ட் கட்டாயம் என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125ஆவது பிரிவில், வண்டியைக் கட்டுப்படுத்த ஓட்டுநருக்கு இடையூறு ஆகும்படி எவரையும் உட்காரவைக்கவோ எதையும் வைக்கவோ கூடாது என்கிறது. மடியில் நாயை வைத்துக்கொண்டு ஓட்டுபவர் இதில் மாட்டிக்கொள்வார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற வலியோ துன்பமோ தரும் விதத்தில் விலங்கை வண்டியில் கொண்டுபோவதைக் குற்றமாக்குகிறது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 57ஆவது விதி இதை நேரடியாகவே பேசுகிறது. திடீரென வண்டி நின்றால் உங்களையோ தன்னையோ காயப்படுத்தாதபடி நாயைக் கட்டி வையுங்கள் என்று சொல்லி, சீட் பெல்ட் ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றிப் போடும் பட்டைகள்), சுமக்கும் பெட்டி, கூண்டு, தடுப்பு ஆகியவற்றை வழிகளாகக் காட்டுகிறது. ஜெர்மனியில் நாய் சரக்குக் கணக்கில் வரும். நகராதபடி கட்டாத சரக்குக்கு உண்டான அபராதம் அதற்கும் உண்டு.

கழுத்துப்பட்டையில் சங்கிலியை மாட்டிக் கதவுக் கைப்பிடியில் கட்டினால் போதாதா?

கூடவே கூடாது. மேலே சொன்ன 400 கிலோ விசை அப்படியே கழுத்தில் இறங்கும். கழுத்தெலும்பு, மூச்சுக்குழல் இரண்டுமே தாங்காது. விபத்தே நடக்காவிட்டாலும், இருக்கையிலிருந்து கீழே குதிக்கும் நாய் சங்கிலி நீளம் போதாமல் தூக்கில் தொங்குவது நடக்கிற காரியம். கழுத்துப்பட்டை பெயர்த் தகடும் தொலைபேசி எண்ணும் தொங்குவதற்கு இருக்கட்டும். காருக்குள் கட்டுவது மார்பைச் சுற்றிய ஹார்னஸில்தான்.

எந்த மாதிரி ஹார்னஸ் வாங்க வேண்டும்?

நடைப்பயிற்சிக்குப் போடும் ஹார்னஸ் வேறு, காருக்கானது வேறு. கடைக்காரர் இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பார். நாய் கயிற்றை இழுக்கும்போது தாங்குவதற்காகத்தான் நடை ஹார்னஸைத் தைத்திருப்பார்கள். அதன் பிளாஸ்டிக் கிளிப்பும் மெல்லிய தையலும் மோதலில் பிய்ந்துவிடும்.

2013இல் அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தின் உதவியுடன் சந்தையிலிருந்த நாய் ஹார்னஸ்களைச் சோதித்தது. குழந்தை இருக்கைகளைச் சோதிக்கும் அதே முறையில், சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு பொம்மை நாய்களைக் கட்டி மோதவிட்டுப் பார்த்தார்கள். சிலவற்றில் பொம்மை இருக்கையை விட்டே பறந்தது. முதலிடத்துக்குத் தேறியது ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் ஹார்னஸ் ஒன்றுதான். அதற்கு முன் பல நிறுவனங்களும் ‘சோதிக்கப்பட்டது’ என்று தாராளமாகவே எழுதிக்கொண்டிருந்தன. எதை, எப்படி, யார் சோதித்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

அப்படிச் சான்று பெற்ற ஹார்னஸ்கள் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. அப்படியானால் கடையில் இருப்பதிலேயே தேறுவதைப் பொறுக்க வேண்டும். மார்புப் பகுதி அகலமாக, பஞ்சு வைத்துத் தைத்ததாக இருக்கட்டும். விசை ஒரு குறுகிய பட்டையில் குவியாமல் மார்பெங்கும் பரவ அது உதவும். பட்டை நைலான் என்றால் காரின் சீட் பெல்ட் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். தையலைப் பாருங்கள்: பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் ஒரே வரித் தையல் போட்டிருந்தால் வேண்டாம், பெட்டி போல நான்கு பக்கமும் தைத்து நடுவில் குறுக்காகவும் தைத்திருக்க வேண்டும். வளையங்கள் வார்ப்பு உலோகமாக இருந்தால் உடையும். வளைத்துப் பற்றவைத்த எஃகு நல்லது. முதுகில் ஒரு வளையம் மட்டும் இருப்பதைவிட, காரின் சீட் பெல்ட்டையே உள்ளே நுழைத்து எடுக்கும்படி முதுகில் பட்டைக் காதுகள் உள்ள வகை மேல். நடுவில் கொக்கி, கயிறு என்று கூடுதல் கண்ணிகள் இல்லாததால் அறுந்துபோக ஒரு இடம் குறைகிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் அது சான்று பெற்றதற்குச் சமமாகாது. திடீர் பிரேக்குக்கும் சிறிய மோதலுக்கும் தாங்கும் என்ற அளவில் நம்பலாம்.

அளவு எப்படி எடுப்பது? எங்களுடையது சிப்பிப்பாறை. எந்த ஹார்னஸ் போட்டாலும் நழுவி வெளியே வந்துவிடுகிறது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இந்தத் தலைவலி உண்டு. அளவு அட்டவணைகள் லாப்ரடாரை மனத்தில் வைத்துப் போட்டவை. வேட்டை நாய்களின் மார்பு ஆழமானது, இடுப்பு ஒடுங்கியது, தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. பின்பக்கமாக ஓர் அடி வைத்து உடலை ஒரு முறை குறுக்கினால் ஹார்னஸ் தலைவழியே கழன்று கையில் நிற்கும்.

தையல்காரர் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் நான்கு கால்களிலும் நேராக நிற்கட்டும். முன்னங்கால்களுக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி, மார்பின் மிக ஆழமான இடத்தைச் சுற்றி அளப்பது முதல் அளவு. கழுத்தின் அடிப்பகுதி, தோள்பட்டை தொடங்கும் இடம், இரண்டாவது அளவு. கடைசி விலா எலும்புக்கு அருகே வயிற்றைச் சுற்றி அளப்பது மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், வயிற்றுப் பக்கம் கூடுதலாக ஒரு பட்டை உள்ள மூன்று பட்டை ஹார்னஸ்தான் சரிப்பட்டு வரும். அந்த மூன்றாவது பட்டை விலாக்கூட்டின் ஆழமான பகுதிக்குப் பின்னால் உட்கார்வதால், நாய் எவ்வளவு பின்வாங்கினாலும் முன்பக்கம் வழுக்காது.

போட்டுவிட்ட பிறகு எந்தப் பட்டையின் அடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. பிறகு நாய்க்கு முன்னால் நின்று, முதுகு வளையத்தில் மாட்டிய வாரை உங்கள் பக்கம் நிதானமாக இழுங்கள். பட்டை காது வரை ஏறினால் இறுக்குங்கள். அக்குளில் உரசிச் சிவந்திருக்கிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள். குட்டி நாய் என்றால் அளவு மாதா மாதம் மாறும்.

ஹார்னஸ் சரி. அதைக் காரில் எங்கே மாட்டுவது?

கடைகளில் மூன்று வகை வார்கள் கிடைக்கின்றன. முதல் வகையின் நுனியில் சீட் பெல்ட்டின் நாக்குப் போலவே ஓர் உலோகத் தகடு இருக்கும்; அது சீட் பெல்ட் பூட்டிலேயே செருகிக்கொள்ளும். இரண்டாவது, முன் இருக்கைக்கோ பின் இருக்கைக்கோ உரிய தலைச்சாய்வைச் சுற்றிப் போடும் கண்ணி. மூன்றாவது, குழந்தை இருக்கைக்காகக் காரில் வைத்திருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும் கொக்கி.

தலைச்சாய்வு வகையை மோதலுக்கு நம்ப முடியாது. இரண்டு ஒல்லிக் கம்பிகளில் நிற்கும் அது நாயின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. நாய் முன்னால் தாவாமல் இருக்கும், அந்த அளவில் சரி. பூட்டில் செருகும் வகையில் தகட்டின் அகலம் எல்லாக் கார்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும், கேட்ட பிறகு பலமாக இழுத்தும் பார்க்க வேண்டும். அரைகுறையாகச் செருகியது முதல் பிரேக்கிலேயே வெளியே வரும்.

சிவப்புப் பொத்தானை மறந்துவிடாதீர்கள். நாய் நிலை மாறிப் படுக்கும்போது அதன் பாதமோ முழங்காலோ சீட் பெல்ட் பூட்டின் மேல் விழும். அழுத்தம் சரியாக விழுந்தால் பூட்டு திறந்துகொள்ளும். பின்னால் நாய் அவிழ்ந்து நிற்பது, அது முன்னால் வந்து உங்கள் தோளை நக்கும்போதுதான் தெரியும். பூட்டின் மேல் போடும் கெட்டியான பிளாஸ்டிக் மூடி குழந்தைகளுக்காக விற்கப்படுகிறது; அது போதும். ஆபத்து நேரத்தில் திறக்க வேண்டியவருக்கும் அந்த மூடியைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

வாரின் நீளம், நாய் உட்காரவும் படுக்கவும் போதுமானதாக இருந்தால் போதும், எழுந்து நடமாட வேண்டாம். நீளம் கூடக் கூட, மோதலில் நாய் முன்னால் பறக்கும் தூரமும் கூடும். இழுபடும் ரப்பர் வார்கள் அதிர்ச்சியைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். அவை முன்னால் போகும் தூரத்தைத்தான் கூட்டுகின்றன. காரின் இரு பக்கக் கைப்பிடிகளுக்கும் குறுக்கே கயிறு கட்டி அதில் நாய் இங்குமங்கும் நகரும்படி செய்வதும் இதே காரணத்தால் வேண்டாம்.

கூண்டு நல்லதா, ஹார்னஸ் நல்லதா?

பெரிய வண்டி, பழகிய நாய், சரியான கூண்டு மூன்றும் உங்களிடம் இருந்தால் கூண்டு. ஹாட்ச்பேக் காரில் வளர்ந்த நாய் என்றால் ஹார்னஸ். என் கணக்கு இவ்வளவுதான்.

கூண்டு என்றதும் பலரும் வாங்குவது வீட்டுக்குள் வைக்கும் மடக்குக் கம்பிக் கூண்டு. மோதலில் அது நசுங்கி, உடைந்த கம்பிகள் நாயின் பக்கமே திரும்பும். விமானத்தில் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி அதைவிடப் பரவாயில்லை, என்றாலும் சாலை விபத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது இல்லை. எதுவாக இருந்தாலும் கட்டாமல் வைத்தால் நாயோடு சேர்ந்து பெட்டியும் பறக்கும். எஸ்யுவி வண்டியின் பின்பகுதியில் பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்து, தரையிலுள்ள உலோக வளையங்களில் லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இறுக்கு பெல்ட்டால் இரு பக்கமும் கட்டுங்கள். வளையம் இல்லாத வண்டியில் கூண்டு வைப்பதில் பொருளில்லை.

அளவில் தாராளம் காட்ட வேண்டாம். நாய் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் முடிந்தால் போதும். உள்ளே இடம் அதிகமானால் மோதலில் அது சுவருக்குச் சுவர் அடிபடும்.

பக், ஷிட்சூ, பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கும் குட்டிகளுக்கும் சிறிய மூடிய பெட்டியை முன் இருக்கைக்குப் பின்னால், காலடிப் பள்ளத்தில் இறுக்கமாகப் பொருந்தும்படி வைப்பது நல்ல ஏற்பாடு. ஜெர்மனியின் ஏடிஏசி (ADAC) வாகன ஓட்டிகள் சங்கம் இதைத்தான் பரிந்துரைக்கிறது. முன் இருக்கையின் முதுகு அருகிலேயே இருப்பதால் பெட்டிக்குப் போக வேறு இடமில்லை.

செடான் காரின் மூடிய டிக்கியில் நாயை வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அங்கே காற்றும் இல்லை, ஏசியும் இல்லை.

இருக்கைமேல் விரிக்கும் தொட்டில் விரிப்பு, கம்பித் தடுப்பு இவை?

தொட்டில் விரிப்பு இருக்கையை முடியிலிருந்தும் வாந்தியிலிருந்தும் காக்கும், நாய் பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும். மோதலில் உதவாது. பெல்ட் பூட்டு வெளியே வருவதற்கான திறப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பித் தடுப்பு மனிதர்களைக் காப்பாற்றும். நாய் அந்தத் தடுப்பிலேயே போய் மோதும்.

முன் இருக்கையில் பக்கத்திலேயே உட்கார்ந்தால்தான் அது அமைதியாக இருக்கும். என்ன செய்வது?

ஏர்பேக் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் விரியும். பெல்ட் கட்டிய வளர்ந்த மனிதரின் மார்பைத் தாங்குவதற்காக அமைத்த அது, முன்னால் உட்கார்ந்திருக்கும் நாயின் முகத்துக்கு நேராக வெடிக்கும். மடியில் இருக்கும் நாய் ஏர்பேக்குக்கும் உங்களுக்கும் நடுவில் சிக்கும். ‘கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்’ என்பவர்கள் மேலே உள்ள 400 கிலோ கணக்கை மறுபடி பார்க்கவும். ஐந்து கிலோ பொமரேனியனுக்கே அது நூறு கிலோ.

நாய்க்கு வேண்டியது உங்கள் அருகாமை என்றால், வீட்டில் ஒருவர் அதனுடன் பின்னால் உட்காரட்டும். தனியாக ஓட்டுபவர்கள், தாங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றைப் பின் இருக்கையில் போடலாம். வாசனை பாதி வேலையைச் செய்யும்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வருவது அதற்கு அவ்வளவு பிடிக்கிறதே?

பிடிக்கும்தான். முன்னால் போகும் லாரி தெறிக்கும் கல்லும், மணலும், வண்டும் கண்ணில் அடிப்பது பிடிக்காது. பைக் ஒன்று உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூக்கு நுழையும் அளவுக்கு மேல் கண்ணாடியை இறக்காதீர்கள்.

கதவிலுள்ள கண்ணாடிப் பொத்தான் இதைவிட மோசம். நாய் எட்டிப் பார்க்க முன்னங்காலைக் கதவின் கைத்தாங்கியில் ஊன்றும். பொத்தான் அங்கேதான் இருக்கிறது. சில வண்டிகளில் கால் பட்டால் கண்ணாடி முழுதும் இறங்கிவிடும், வேறு சிலவற்றில் கழுத்து வெளியே இருக்கும்போதே மேலே ஏறும். ஓட்டுநர் பக்கத்தில் எல்லாக் கண்ணாடிகளையும் பூட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. வண்டியைக் கிளப்பும் முன் அதை அழுத்திவிடுங்கள். பின் கதவுகளில் குழந்தைப் பூட்டையும் போட்டுவிடுங்கள்.

கட்டினாலே கத்துகிறது, வாரைக் கடிக்கிறது. பழக்குவது எப்படி?

பயண நாளன்று காலையில் புதிய ஹார்னஸைப் போட்டு நான்கு மணி நேரம் ஓட்டினால் எந்த நாயும் கத்தும். முதலில் வீட்டுக்குள் ஹார்னஸை மாட்டிச் சோறு வையுங்கள். ஹார்னஸைக் கண்டதும் சோறு நினைவுக்கு வந்து வாலை ஆட்ட ஆரம்பித்த பிறகு, நிற்கிற காரில் ஏற்றி, எஞ்சின் போடாமல், பெல்ட்டை மாட்டி, கொஞ்சம் தின்பண்டம் கொடுத்து இறக்குங்கள். அடுத்த கட்டம் எஞ்சின் சத்தத்தோடு. அதன் பிறகு தெருமுனை வரை ஒரு சுற்று, கடற்கரைக்கோ மைதானத்துக்கோ ஒரு பயணம். காரில் ஏறினால் ஊசி போடும் இடத்துக்குத்தான் போவோம் என்று நாய் முடிவு கட்டியிருந்தால், அந்தக் கணக்கை மாற்றுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

கத்தும்போது அவிழ்த்துவிட்டால், கத்தினால் அவிழ்ப்பார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். வாயை இறுகக் கட்டும் துணி மூடியைக் காரில் போடவே கூடாது. நாய் உடல் சூட்டைத் தணிப்பது வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலம். தூக்க மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஏற்காடு, கொடைக்கானல் போகும்போது வாந்தி எடுக்கிறது.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. மனிதர்களுக்கே எலுமிச்சம்பழம் தேவைப்படும் பாதைகள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிடுங்கள், தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது, இவை வாந்திக்கு முன் வரும் அறிகுறிகள். பார்த்ததும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நடக்கவிடுங்கள்.

நன்றாகக் கட்டிய நாய்க்கு வளைவுகளில் உடல் குறைவாகத்தான் ஆடும், அதனால் குமட்டலும் ஓரளவு குறையலாம். குட்டிகளில் பல வளர வளரச் சரியாகிவிடும். சரியாகாதவற்றுக்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம்.

சாப்பிடப் போகும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காரிலேயே விடலாமா?

கூடாது. வெளியே 24 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34, அரை மணி நேரத்தில் 43 டிகிரி ஆகிவிடும். 24 டிகிரி என்பது ஊட்டியின் கோடைக்கால நண்பகல். விழுப்புரத்தில் மே மாதம் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை, 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். அதிலும் கட்டப்பட்ட நாயால் நிழல் பக்கம் நகரவும் முடியாது.

குழுவாகச் சாப்பிடுங்கள், ஒருவர் நாயுடன் வெளியே நிழலில் நிற்கட்டும். நாய் மூச்சிரைத்துத் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்றுப் பட வைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.

வழியில் நிறுத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நாய்கள் தொலைவது ஓடும் காரில் இல்லை, நின்ற காரில். ஹார்னஸில் நடைக்கயிற்றை மாட்டி, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்த பிறகுதான் பெல்ட் பூட்டை விடுவிக்க வேண்டும். கதவு அதற்குப் பிறகு, அதுவும் சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவு மட்டும். ஏற்றும்போது இதே வரிசை தலைகீழாக. அவசரத்தில் குழந்தைகள் முந்திக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்கள். வண்டியில் யார் திறப்பது என்று ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது நல்லது. நெடுஞ்சாலை உணவகங்களுக்கு அருகே அந்த இடத்துக்குச் சொந்தக்காரத் தெருநாய்கள் இருக்கும், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். மதியத்தில் தாரைத் தொட்டுப் பாருங்கள், உங்கள் புறங்கை சில நொடிகூடத் தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. முதுமலை, பந்திப்பூர் வழியே போகிறவர்கள் காட்டுக்குள் எங்குமே நிறுத்தக் கூடாது, நாய்க்காகவும் கூடாது. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை.

வாடகை காரில் போக வேண்டியிருந்தால்?

நாய் வருகிறது என்பதை முன்பதிவின்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். நம் ஊர் வாடகை கார்களில் பின் இருக்கையின் பெல்ட் பூட்டுகள் பெரும்பாலும் இருக்கை உறைக்கு அடியில் புதைந்துகிடக்கும். கிளம்பும் முன் உறையைத் தூக்கி வெளியே எடுத்துவிடுங்கள், அதோடு உங்கள் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளலாம். சொந்த விரிப்பு ஒன்றும் பழைய துண்டு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

குழந்தையும் நாயும் ஒரே பின் இருக்கையில் வரலாமா?

இரண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டு, நாயின் வாய் குழந்தையை எட்டாத தூரத்தில் இருந்தால் வரலாம். நடுவில் பெரியவர் ஒருவர் உட்காருவது இன்னும் நல்லது. இரண்டு நாய்கள் என்றால் இரண்டு பூட்டுகள். ஒரே வாரில் இரண்டையும் இணைக்காதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால் நாயை என்ன செய்வது?

அவிழ்க்கும் முன் கயிற்றை மாட்டுங்கள். பயந்த நாய் கதவு திறந்ததும் நெடுஞ்சாலையின் குறுக்கே ஓடும், அது ஓடுவதால் அடுத்த விபத்து நடக்கும். வலியில் இருக்கும் நாய் எஜமானரையும் கடிக்கும், ஆகவே முகத்தருகே குனியாமல் போர்வையில் சுற்றித் தூக்குங்கள். உதவிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்படி கழுத்துப்பட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்க வேண்டும். உங்கள் எண்ணை மட்டும் போட்டால், நீங்கள் காரில் மயங்கிக் கிடக்கும்போது உங்கள் கைபேசிதான் ஒலிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி விவரம் உள்ள ஏட்டின் படத்தைக் கைபேசியிலும், ஏட்டைக் காரிலும் வையுங்கள். விபத்தில் பெல்ட்டோ ஹார்னஸோ இழுபட்டிருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். தையல் உள்ளுக்குள் தளர்ந்திருக்கும்.

ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாய் நின்றுகொண்டு வருகிறது. குட்டியானை வண்டியில் கட்டி ஏற்றிப் போகிறோம். இவற்றுக்கு என்ன வழி?

ஸ்கூட்டரில் பாதுகாப்பாகக் கட்டுவதற்கு வழியே இல்லை. வண்டியோடு கட்டினால் கவிழும்போது நாயும் அடியில் சிக்கும், கட்டாவிட்டால் இன்னொரு நாயைப் பார்த்ததும் குதிக்கும். சிறு நாய் என்றால் பின்னால் உட்காருபவர் மார்போடு அணியும் பையில் வைத்து, மெதுவாக, பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போகலாம். பெரிய நாய்க்கு ஆட்டோ பிடியுங்கள். அதில் இருக்கையில் ஏற்றாமல் தரையில் உங்கள் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, ஹார்னஸைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

குட்டியானையின் திறந்த பின்பகுதியில் கழுத்தில் கட்டி ஏற்றினால், நாய் பக்கப் பலகையைத் தாண்டிக் குதித்து வெளியே தொங்கும். கண்காட்சிக்கோ பண்ணைக்கோ கொண்டுபோகிறவர்கள் கெட்டியான கூண்டில் அடைத்து, கூண்டை ஓட்டுநர் அறையின் பின்சுவரோடு ஒட்டிக் கயிற்றால் கட்டி, மேலே வெயில் படாமல் காற்றுப் போகும்படி தார்ப்பாய் போட வேண்டும். இரும்புத் தரை வெயிலில் கொதிக்கும் என்பதால் அடியில் நனைத்த சாக்கு ஒன்றை விரித்துவிடுங்கள்.